மூன்று வருடக் கணக்கு



நம் மார்கரெட் டிரைவ் நூலகத்தை 1970 ஏப்ரல் 30 அன்று லீ குவான் இயூ திறந்து வைத்தார். சிங்கப்பூரின் முதல் முழுநேரக் கிளை நூலகம் அது. கணக்கியல் தேர்வுகளுக்கு நான் படித்தது அங்கேதான். எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் ஆறு பேருக்கு ஒரே மேசை, அதிலும் பாதியைத் தையல் இயந்திரம் பிடித்துக்கொள்ளும்.

இந்த வட்டாரத்தில் அம்மாக்கள் என்னை நிறுத்திக் கேட்பது ஒரே கேள்வி. "சார், பிள்ளைக்குக் கணக்கில் சி6தான், மட்டுமட்டான தேர்ச்சி. கணக்காளர் ஆகிற ஆசையை விட்டுவிடச் சொல்லட்டுமா?" விடச் சொல்லாதீர்கள், அம்மா. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் பட்டயக் கணக்காளர் ஆக, நேர்வழி கணக்கியல் பட்டம். நன்யாங், தேசியப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அந்தப் பட்டம் பெற்றவர் தொழில்முறைத் தேர்வுகளுக்கு நேராகப் போகலாம். பொறியியலோ வரலாறோ படித்தவருக்கும் வழி உண்டு: முதலில் அடித்தளப் பாடங்களை முடித்துவிட்டு வரவேண்டும். பட்டமே இல்லாத பிள்ளைக்கு ஏசிசிஏ என்ற அனைத்துலகக் கணக்காளர் தேர்வு இருக்கிறது. அதில் அடிமட்டத்தில் தொடங்கலாம். மொத்தம் 13 தாள்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமா வாங்கியவருக்குச் சில தாள்களில் விலக்கும் கிடைக்கும். பகலில் வேலை, இரவில் படிப்பு என்று முடித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எந்த வாசலில் நுழைந்தாலும் தாண்டிப் போக முடியாத ஒன்று உண்டு: மூன்று ஆண்டு வேலை அனுபவம். பட்டயக் கணக்காளர் தகுதிக்கு அதை அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில், ஒரு வழிகாட்டியின் கண்காணிப்பில் செய்யவேண்டும். ஏசிசிஏ கேட்பதும் 36 மாதம்தான்.

இந்த மூன்று ஆண்டு நமக்குப் புதிதா? மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகளை நினைத்துப் பாருங்கள். செட்டிநாட்டிலிருந்து வந்த சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கூட்டுவான், எடுபிடி வேலை செய்வான், பற்று வரவு எழுதப் பழகுவான். பிறகு அடுத்தாள் ஆவான். பேரேடும் ஐந்தொகையும் கைக்கு வந்த பிறகுதான் மேலாள். முதலாளிக்காகத் தொழிலை நடத்த ஊரிலிருந்து கடல் தாண்டி வரும் ஏஜெண்டின் தவணைக்கே "மூன்று வருடக் கணக்கு" என்றுதான் பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்து கற்காதவன் கையில் பெட்டிச் சாவியைக் கொடுக்கக் கூடாது என்பது அந்தச் செட்டியார்களுக்குத் தெரிந்திருந்தது.

அது எனக்கு விளங்கியது என் பயிற்சியின் முதல் வருடத்தில். ஒரு குளிர்பதனக் கிடங்கில் சரக்கு எண்ண அனுப்பினார்கள். இரவல் வாங்கிய கம்பளிச் சட்டை, விறைத்துப்போன விரல்கள், எழுத மறுக்கும் பேனா. ஏட்டில் 400 பெட்டி. நான் இரண்டு முறை எண்ணினேன். 400. சரி என்று குறி போட்டுத் தாளை மேலதிகாரி அக்காவிடம் நீட்டினேன். அவர் கேட்டார்: "எண்ணினது சரி தம்பி. சரக்கு யாருடையது?" திரும்பப் போய்ப் பார்த்தேன். பின்வரிசைப் பெட்டிகளின் பக்கவாட்டில், உறைபனிக்கு அடியில், வேறொரு நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருந்தது. விற்றுத் தரச் சொல்லி இங்கே வைத்த சரக்கு. எண்ணிக்கை சரி, சொத்துக் கணக்கு தவறு. இதைப் பாடப்புத்தகத்தில் நான் படித்திருந்தேன், தேர்வில் எழுதியும் இருந்தேன். அந்த உறைபனியை விரலால் சுரண்டிய பிறகுதான் புரிந்தது.

பெற்றோர் குழப்பிக்கொள்ளும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டயக் கணக்காளர் எல்லாரும் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட முடியாது. அதற்குப் பொதுக் கணக்காளராக, கணக்கியல், நிறுவன ஒழுங்குமுறை ஆணையமான அக்ராவிடம் தனியே பதிய வேண்டும். அதற்குத் தணிக்கை அனுபவம் வேண்டும். பதிந்த பிறகும் படிப்பு ஓயாது, தொடர்கல்வி கட்டாயம். 1963இல் சிங்கப்பூர்க் கணக்காளர் சங்கமாகத் தொடங்கி, 2013 முதல் ஐஎஸ்சிஏ என்ற பெயரில் இயங்கும் பட்டயக் கணக்காளர் கழகம் நெறிமுறையையும் ஒரு பாடமாகவே வைத்திருக்கிறது. அதைச் சின்னப் பாடம் என்று பிள்ளைகள் ஒதுக்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. ஒரு நிறுவனத்தின் கணக்கை நம்பி, முகம் தெரியாத எத்தனையோ பேர் தங்கள் சேமிப்பைப் போடுகிறார்கள்.

எனவே தம்பி தங்கைகளே, சி6 வாங்கியவர்கள் கூச்சப்பட வேண்டாம். கூட்டம் முடிந்ததும் அந்த வாசலோர மேசையில் இருப்பேன். மதிப்பெண் தாளை எடுத்து வாருங்கள், அப்பா அம்மாவையும் கூட்டி வாருங்கள். எந்த வாசல் உங்களுக்கு என்று உட்கார்ந்து பார்ப்போம். மண்டபத்தைப் பூட்ட இரவு பத்தாகும் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.