குத்தகை நிலத்தில் கூட்டு வேளாண்மை

(திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆரியசாலையை அடுத்த சாலைக் கடைவீதியில் விற்கும் காய்கறியில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து லாரியேறி வருவது. 1970களின் நடுவில் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த கேரளத்தின் நெற்பரப்பு, இந்த நூற்றாண்டில் 2 லட்சம் ஹெக்டேரளவுக்குச் சுருங்கியது. மழைக்குக் குறைவில்லை. நிலம் உடையவர் பயிரிடுவதில்லை. பயிரிடத் தெரிந்தவரிடம் நிலமில்லை.

இந்த இடைவெளியில்தான் குடும்பஸ்ரீ பெண்கள் கால் வைத்தனர். 1996இல் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் ஊராட்சிகளின் கைக்கு நிதியைக் கொண்டுசேர்த்தது. 1998இல் குடும்பஸ்ரீ உருவாயிற்று. அயல்கூட்டப் பெண்கள் 4 முதல் 10 பேர் வரை கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து, தரிசைக் குத்தகைக்கு எடுத்து, வங்கிக் கடன் பெற்று நெல்லும் வாழையும் மரவள்ளியும் பயிரிடுகின்றனர். ஒருத்தி நோயுற்றால் மற்றவர்கள் களை பறிக்கின்றனர். கூலிக்கு நாற்று நட்டவர்களே இன்று எதை எப்போது விதைப்பதென்று முடிவு செய்கின்றனர். கூலி உயர்வைவிடப் பெரிய மாற்றம் இது.

ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களில் பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் நடத்திய ஆய்வின்படி, இக்குழுக்களின் ஹெக்டேர் ஒன்றுக்கான ஆண்டு விளைச்சல் மதிப்பு தனிக் குடும்பப் பண்ணைகளினும் ஏறத்தாழ 1.8 மடங்கு. கூட்டுழைப்பு சோம்பலை வளர்க்கும் என்போர் இக்கணக்கைப் பார்க்கட்டும். ஆனால் வாழையில் கண்ட வெற்றி நெல்லில் இல்லை. நல்ல வயல் குத்தகைக்குக் கிடைப்பது அரிது.

முள் இங்கேதான் இருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் ஜன்மி முறையை வீழ்த்தியது. புதிய குத்தகையையும் தடை செய்தது. குத்தகையாளர் ஜன்மியின் காலடியில் கிடந்த காலத்தில் அத்தடை நியாயமானது. இன்று குத்தகைக்கு எடுப்பவர் நிலமற்ற பெண். கொடுப்பவர் பெரும்பாலும் ஊரிலேயே இல்லாதவர். உடைமை போய்விடுமோ என்று அஞ்சும் அவர் எழுதிக் கொடுப்பதில்லை. வாய்மொழிதான், அதுவும் ஓராண்டுக்கு. புதர் வெட்டி, வரப்புக் கட்டி, மண்ணைப் பதப்படுத்திய மறு ஆண்டே நிலத்தைத் திரும்பக் கேட்டால், எவர் அதில் தழையுரம் இடுவார்?

தரிசு வயலைப் பிறரைக்கொண்டு பயிரிடச் செய்ய 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தில் வழி உண்டு. அதை விரிவாக்குவதே தேவை. ஊராட்சி நடுவில் நின்று உடைமைக்கு உத்தரவாதம் அளித்து, நிலத்தை 5 ஆண்டுக்குக் குறையாமல் குழுக்களிடம் எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும். பயிர்க் காப்பீடும் வெள்ள நிவாரணமும் பட்டாதாரர் பெயரில் அல்ல, பயிரிடுபவர் பெயரில் வரவேண்டும்.