துணைப் பிராணியும் மனப் பரிசோதனையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாய் வளர்ப்பதற்கு வைத்தியரின் கடிதம் எதற்கு என்று உங்களிற் பலருக்குக் கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். நம் வளவுக்குள் ஒரு நாய் நிற்பதற்கு நாம் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் நகரங்களிலோ நிலைமை வேறு. அங்கே மாடிக் கட்டடத்தில் வீடு வாடகைக்கு எடுப்பவர் கையொப்பமிடும் உடன்படிக்கையில் ‘பிராணிகள் வளர்க்கலாகாது’ என்னும் விதி இருப்பது சர்வசாதாரணம். அனுமதிக்கும் இடங்களிலும் அதற்கென முற்பணமும் மாதக் கட்டணமும் தனியே அறவிடுவர். படிப்பின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் நம்மவர் பிள்ளைகள் அந்நாட்டிற்குச் சென்றுள்ளார்கள். ஆதலின் இவ்விஷயம் நமக்கு முற்றும் அந்நியமானதன்று.

அமெரிக்காவில் வீட்டு வசதியிற் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1968 ஆம் ஆண்டில் நிறைவேறியது. 1988 ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டு, உடற்குறையும் மனக்குறையும் உடையோர்க்கும் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. மனநோயால் வருந்தும் ஒருவருக்கு ஒரு பிராணியின் துணை அந்நோயின் கடுமையைத் தணிக்குமாயின், அப்பிராணி வெறும் செல்லப் பிராணியன்று. நொண்டிக்கு ஊன்றுகோல் எப்படியோ அப்படி அது ஓர் உதவிச் சாதனம். இதுவே அச்சட்டத்தின் வழி வந்த கருத்து. இத்தகைய பிராணியை அவர்கள் ‘எமோஷனல் சப்போட் அனிமல்’ என்பர். நாம் மனத்துணைப் பிராணி என்போம். வீட்டுச் சொந்தக்காரர் இதற்காகத் தம் விதியைத் தளர்த்துதல் வேண்டும், முற்பணம் கேட்கலாகாது. பிராணி பிறரைக் கடிக்கும் இயல்பினதாயின் மறுக்கலாம். கதவைப் பிறாண்டிக் கெடுத்தால் நட்டஈடு வாங்கலாம். சொந்தக்காரர் தாமே குடியிருக்கும் சிறிய கட்டடங்கள் சிலவற்றுக்கு விலக்கும் உண்டு. பல்கலைக்கழக விடுதிகளும் இச்சட்டத்துக்கு உட்பட்டனவே என்று நெபிராஸ்காவிலுள்ள சமஷ்டி நீதிமன்றம் 2013 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. மாணவர்களுக்கு இது முக்கியமான தீர்ப்பு.

பிராணியால் மனம் ஆறும் என்பது நேற்று முளைத்த எண்ணமன்று. இங்கிலாந்தில் யோர்க் நகரில் 1796 இல் திறக்கப்பட்ட மனநோயாளர் இல்லத்தின் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் வளர்க்கப்பட்டன. நோயாளிகளைச் சங்கிலியாற் பிணைத்த காலம் அது. அமெரிக்க உளவியலாளர் பொரிஸ் லெவின்சன், வாய் திறவாத பிள்ளையொன்று தம் நாயுடன் இணங்கியதைக் கண்டு, 1962 இல் அதுபற்றிக் கட்டுரை எழுதினார். ஆயினும் மனத்துணைப் பிராணியைப் பற்றிய ஆராய்ச்சி இன்றும் மெலிந்ததே. அது மருந்துக்கு மாற்று என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம்.

இனி, நாம் பேச வந்த பரிசோதனைக்கு வருவோம். வருத்தம் வெளிப்படையாகத் தெரியாதபோது, நம்பத்தகுந்த ஆதாரம் காட்டும்படி வீட்டுக்காரர் கேட்கலாம். மனோவைத்தியர், உளவியலாளர், உரிமம் பெற்ற சமூக சேவையாளர், சில வேளை குடும்ப வைத்தியர் ஆகியோரில் ஒருவரின் கடிதமே வழக்கமான ஆதாரம். அக்கடிதம் பெறுதற்கு முன் நிகழவேண்டுவது ஓர் உரையாடல். இரத்தம் எடுப்பதில்லை, படம் பிடிப்பதில்லை. நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, வகுப்புக்குப் போகிறீரா, படுக்கையை விட்டு எழமுடிகிறதா, நெஞ்சு படபடத்துப் பயம் பிடிப்பதுண்டா, முன்னர் வைத்தியம் செய்ததுண்டா, குடிப்பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்பர். கேட்பவர் அவசரப்படாதவராயின் சொல்பவரும் மெல்ல மெல்லச் சொல்வார்.

பல வைத்தியர்கள் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு சிறு தாளையும் கொடுப்பார்கள். கடந்த இரண்டு வாரங்களில் இன்ன இன்ன துன்பம் எத்தனை நாள் இருந்தது என்று குறிக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி வரை, மொத்தம் 27. அதில் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணமோ தன்னைத் தானே வருத்தும் எண்ணமோ வந்ததுண்டா என்பது. நண்பர்களே, இந்த இடத்திற் சற்று நிற்போம். நாய்க்குக் கடிதம் வாங்க வந்த ஒரு பிள்ளை, தாய்க்கும் சொல்லாததை, அறைத் தோழனுக்கும் சொல்லாததை, அந்தத் தாளில் முதன்முதலாகக் குறித்துவிடக் கூடும். நல்ல வைத்தியர் அக்கணமே கடிதத்தை ஒருபுறம் வைத்துவிடுவார். எந்நேரத்தில் அவ்வெண்ணம் வருகிறது, வழி ஏதும் யோசித்து வைத்திருக்கிறீரா, உடன் இருப்பார் யார் என்று கேட்பார். பரிசோதனையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கடிதம் அதன் வால்.

பின்னர், சட்டம் வேண்டும் இரண்டு விஷயங்களை அவர் தீர்மானிக்கவேண்டும். நோய் அந்த மனிதரின் அன்றாட வாழ்வின் முக்கிய காரியமொன்றைப் பெரிதும் தடுக்கிறதா? அந்தத் தடையைப் பிராணியின் துணை குறைக்கிறதா? நோயின் பெயர் மாத்திரம் போதாது. ஓர் உதாரணத்தைக் கற்பித்துக் கொள்வோம். தனியறையில் வாழும் மாணவி, இருட்டியதும் பயம், விடியும்வரை நித்திரையில்லை, காலை வகுப்புகளைத் தவறவிடுகிறாள். பூனையொன்று காலடியிற் கிடக்கும் இரவுகளில் அவள் உறங்குகிறாள். அதற்குச் சோறு வைக்கவேனும் காலையில் எழுகிறாள். இவ்விரண்டையும் இணைக்கும் கயிறு தெளிவாகத் தெரிகிறதல்லவா? ‘எனக்குப் பூனை பிடிக்கும், கட்டணம் கட்டப் பிடிக்காது’ என்பாரிடம் அந்தக் கயிறு இல்லை. பிடிக்கும் என்பது நோயன்று.

கடிதத்தில் நோயின் வரலாறு முழுவதும் எழுதவேண்டுவதில்லை. தேவை உண்டு, அத்தேவைக்குப் பிராணி துணையாகிறது என்ற அளவு போதும். வைத்தியக் குறிப்பேட்டைக் காட்டு என்று கேட்க வீட்டுக்காரருக்கு உரிமையில்லை.

இவ்வளவு நல்ல ஏற்பாடு சந்தைக்கு வந்ததுதான் பரிதாபம். கணினி வழியாகச் சில கேள்விகளுக்கு விடையளித்துப் பணம் கட்டினால் அன்றே கடிதம் தருகிறோம் என்று விளம்பரம் செய்வோர் தோன்றினர். பதிவுச் சான்றிதழ், அடையாள அட்டை, நாய்க்குப் போடும் மேலங்கி எல்லாம் விற்றனர். அமெரிக்க அரசாங்கம் அப்படியொரு பதிவேடு வைத்திருக்கவில்லை என்பதை வாங்குவோர் அறியார். 2018 சனவரியில் நூவாக் விமான நிலையத்துக்கு ஒரு பெண் மயிலொன்றையே துணைப் பிராணி என்று கொண்டுவந்தார்; நிறுவனத்தார் ஏற்றவில்லை. (முருகப் பெருமான் மாத்திரமே மயிலோடு வானிற் செல்லலாம் போலும்!) சிரித்துவிட்டோம், ஆனால் விளைவு சிரிப்புக்குரியதன்று. 2021 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, மனத்துணைப் பிராணிகளைக் கட்டணமின்றி ஏற்றும் கடமை விமான நிறுவனங்களுக்கு இல்லாது போயிற்று. பொய்யர் செய்ததற்கு மெய்யாக வருந்தியவரும் தண்டம் இறுத்தார். பயம் பிடிக்கும் வேளையில் எசமானைத் தட்டி எழுப்பவும், மருந்தை நினைவூட்டவும் பழக்கப்பட்ட நாய் வேறு வகை. அதற்கு விமானத்திலும் கடைகளிலும் உரிமை இன்றும் உண்டு. இரண்டையும் குழப்புதல் கூடாது.

கலிபோர்ணியா மாநிலம் இவ்வியாபாரத்துக்குக் கடிவாளம் இட்டது. 2022 சனவரி முதலாந் தேதியிலிருந்து அங்கே துணை நாய்க்குக் கடிதம் தரும் வைத்தியர் நேர்மையாகப் பரிசோதித்திருக்க வேண்டும். பொதுவாக, நோயாளியுடன் குறைந்தது 30 நாள் தொடர்பும் உடையவராயிருத்தல் வேண்டும். நல்ல விதிதான். ஆயினும் இன்றிரவு நித்திரையில்லாதவனுக்கு 30 நாள் நெடுங்காலம் என்பதையும் மறக்கலாகாது. மற்றொரு சங்கடமும் உளது. வைத்தியம் செய்பவரே சான்றும் தரலாமா என்று உளவியலாளருள் வாதம் உண்டு. மறுத்தால் நோயாளி மனம் முறிந்து வராமலே விடுவான் என்ற பயத்தில் நாக்கு நடுநிலை தவறும் என்பர். நம் எண்ணம், அறிந்த வைத்தியரின் தடுமாற்றம் அறியாத வியாபாரியின் துணிவிலும் மேல் என்பதே.

பிராணியையும் யாராவது நினைக்கவேண்டாமா? எழுந்திருக்க முடியாத நாட்களில் நாயை வெளியே கூட்டிச் செல்வார் யார், தடுப்பூசிக்குப் பணம் எங்கே, விடுமுறையில் ஊருக்கு வந்தால் அது எங்கே நிற்கும் என்று கேட்பதும் பரிசோதனையைச் சேர்ந்ததே. வாயில்லாச் சீவன், தன்மேல் ஏற்றிய பாரத்தை அது அறியாது.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. அங்கொடை என்னும் ஊர்ப்பெயரையே நாம் ஏளனச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்த ஏளனத்தைப் பிள்ளைகள் பெட்டியோடு கடல் கடந்தும் கொண்டு போகிறார்கள். மனம் சரியில்லை என்று சொல்லக் கூசுகிறவன் ‘நாய் வளர்க்க ஒரு கடிதம் வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டு வைத்தியர் வாசலுக்குப் போகலாம். போகட்டும். எப்படியாவது போனாற் சரி. பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவருக்கென ஆலோசனை நிலையம் உண்டு. பணம் கேட்கும் விளம்பரத்துக்கு முன் அங்கே போவது நன்று. அவன் வீட்டுக்குத் தொலைபேசியில் ‘நாயொன்று எடுத்திருக்கிறேன்’ என்று சொல்லும் நாளில், படிக்கப் போன இடத்தில் நாய் எதற்கு என்று அதட்டாமல், ‘தம்பி, இரவில் நித்திரை கொள்கிறாயா?’ என்று முதலிற் கேளுங்கள். அவன் பதில் சொல்லும்வரை தொலைபேசியை வைத்துவிடாதீர்கள்.