வந்தவர் எத்தனை பேர்?



நமது சங்கத்தின் புதிய இணையதளத்திற்கு வருவோரைக் கணக்கிடக் கூகுள் அனலிட்டிக்ஸ் என்னும் கருவியைப் பொருத்தினோம். அது தரும் சிறு நிரலை ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் சேர்த்தால் எண்ணிக்கை தொடங்கிவிடும். முதல் மாதக் கணக்கைக் கண்டு பூரித்தோம். செயற்குழுவிலும் பெருமையுடன் அறிவித்தோம்.

பின்னொரு நாள் இரவு, சங்க நூலகத்தில் மூவர் அமர்ந்து தளத்தின் எழுத்துப்பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். இடையே நேரடிக் கணக்கைத் திறந்தால், கடந்த 30 நிமிடங்களில் வந்தோர் மூவர் என்றது. அந்த மூவரும் நாங்களே! ரயில்வே ஊழியரைப் பயணிகளோடு சேர்த்து எண்ணுவாருண்டோ? பயணச்சீட்டுக் கணக்கெழுதிப் பழகிய எங்களுக்கு நாணமாகிவிட்டது.

நூலக இணைப்பின் ஐ.பி. எண்ணை விலக்குமாறு விதி அமைத்தோம். அப்போதும் எண்ணிக்கை குறையவில்லை. வடிகட்டி 'சோதனை' நிலையிலேயே கிடந்திருக்கிறது; அதனைச் 'செயலில்' என நாமே மாற்ற வேண்டுமாம். மாற்றினோம். எனினும் அதற்கு முந்திய கணக்கை அது திருத்தாது. ஆகவே, செயற்குழுவில் கூறிய எண்ணை இம்மேடையிலேயே திரும்பப் பெறுகிறோம்.

இப்பொழுது காணும் எண் சிறிதுதான். அவருள் பெரும்பாலோர் தமிழ் வகுப்பு நேர அட்டவணையைத் தேடியே வருகின்றனர். நாங்களோ அதனைக் கடைசிப் பக்கத்தில் வைத்திருந்தோம்! நேற்று முகப்பிற்குக் கொண்டுவந்துவிட்டோம்.