"சொல்லியிருந்தால் செய்திருப்பேனே!"

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலை ஏழரை மணிக்கு நம் வளாகத்தின் கேட் அருகே நின்று பாருங்கள். பள்ளி வேனுக்கு ஓடும் குழந்தைகள், டிபன் டப்பாவும் வண்டிச் சாவியுமாகப் பின்னாலேயே வரும் அம்மாக்கள், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விரையும் அப்பாக்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் இங்கே நிறைய. உங்கள் வீடும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

இந்த வீடுகளில் சண்டை எதற்கு வருகிறது? மாவு தீர்ந்துபோனதற்கு. பள்ளிக் கட்டணம் கட்ட மறந்ததற்கு. சிலிண்டர் பதிவு செய்யாததற்கு. "சொல்லியிருந்தால் செய்திருப்பேனே!" என்பார் கணவர். "எல்லாத்தையும் நானே சொல்லணுமா?" என்பார் மனைவி. இருவருமே நல்லவர்கள்தான். ஆனாலும் அன்று இரவு பேச்சு நின்றுவிடும்.

மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடமும், ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள். 2019-இல் இது 299, 97. இருவர் நேரமும் சற்றுக் குறைந்திருக்கிறது. இடைவெளி மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இது வேலைக்குப் போகாத பெண்களையும் சேர்த்த கணக்கு. ஆனால் இதில் வராத ஒன்று உண்டு. நாளைக்கு என்ன சமையல், மாமாவின் சுகர் மாத்திரை இருக்கிறதா, குழந்தைக்குத் தடுப்பூசி எப்போது என்று ஆபீஸ் மீட்டிங்கிலும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நினைவுச் சுமை. அதை யாரும் நிமிடத்தில் அளப்பதில்லை.

எனவே என் யோசனை இதுதான். வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல், பொறுப்பை முழுதாக ஒருவரிடம் கொடுங்கள். பள்ளி விஷயம் கணவருடையது என்றால், வகுப்பு வாட்ஸ்அப் குழுவைப் பார்ப்பது, கட்டணம், வேன், யூனிஃபார்ம், பெற்றோர் கூட்டம் எல்லாமே அவருடையது. யாரும் நினைவூட்டத் தேவையில்லை. கொடுத்த பிறகு பின்னாலேயே போய்த் திருத்தாதீர்கள். அவர் வைக்கும் குழம்பு கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும், இருக்கட்டும். ஞாயிறு மாலை இருபது நிமிடம் இருவரும் உட்கார்ந்து, வரும் வாரத்தில் யாருக்கு ஷிப்ட், யாருக்கு வெளியூர்ப் பயணம் என்று பார்த்துப் பொறுப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆண்களுக்கும் சுமை இல்லாமல் இல்லை. வீட்டுக்கடன் தவணையும் வேலை போய்விடுமோ என்ற பயமும் பலரைத் தூங்கவிடுவதில்லை. அதை மனைவியிடம்கூடச் சொல்லாமல் சிடுசிடுப்பாகக் காட்டுகிறோம். ஞாயிறு பேச்சில் அதற்கும் இடம் கொடுங்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மகன் பாத்திரம் தேய்த்தால் மருமகளைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையில் அந்த ஏற்பாடே நின்றுபோகும்.

அலுவலகத்திலும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. பலர் இதைப் பற்றிக் கேட்பதே இல்லை.

எவ்வளவு முயன்றும் தூக்கம் கெடுகிறது, அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரே ஒரு பொறுப்பைக் கைமாற்றிப் பாருங்கள். ஒரு மாதம் விடாமல் செய்த பிறகு, அடுத்த கூட்டத்தில் எப்படிப் போயிற்று என்று சொல்லுங்கள்.