மழைச் செய்தியை அறிந்து வயலில் இறங்குக

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய பேச்சு)



காலபோக வேலைகள் மும்முரமாக நடைபெறும் ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் மாதங்களே வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்களும் சூறாவளிகளும் தோன்றும் காலமுமாகும். 1964 ஆம் ஆண்டு டிசெம்பரில் வடபகுதியையும், 1978 ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பையும் தாக்கிய சூறாவளிகளை முதியோர் இன்னும் மறந்திலர். 2025 ஆம் ஆண்டு நவம்பரில் வந்த டித்வா சூறாவளியை நாம் எல்லோருமே அறிவோம். இவற்றைத் தடுத்தல் எம்மால் இயலாது. ஆயின், முன்னரே அறிந்து நட்டத்தைக் குறைத்தல் இயலும்.

வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் முன்னறிவித்தல் வெளியிடுகின்றது. அடுத்த ஓரிரு நாள்களுக்குரிய அறிவித்தலே கூடிய நம்பிக்கைக்குரியது. நாள்கள் கூடக்கூட அதன் உறுதி குறையும். அன்றியும், அது மாகாணங்களுக்கும் மாவட்டங்களுக்கும் பொதுவாகக் கூறப்படுவது. உங்கள் வயலுக்கெனத் தனித்துக் கூறப்படுவதன்று. சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்யும் எனின், அவ்விடங்களுள் உங்கள் கிராமமும் ஒன்றாகலாம் எனக் கொள்ளுங்கள்.

100 மில்லிமீற்றர் மழை என்பது ஓர் ஏக்கர் நிலத்தில் ஏறத்தாழ நான்கு இலட்சம் லீற்றர் நீர் விழுவதாகும். முன்னரே ஊறிய நிலம் அதனை ஏற்காது. நாம் வழிவிடாவிடின் நீர் வரம்பை உடைத்துத் தானே வழிதேடும்.

எனது பிரிவில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். தாழமுக்கம் பற்றிய அறிவித்தல் வந்த நாளன்று பெரியவர் ஒருவர் விதைநெல்லை ஊறவைத்தார். நான் செய்தியைச் சொன்னபோது, "போன கிழமையும் மழை வருமென்றார்கள், வரவில்லையே, தம்பி" என்றார். நானும் மேலும் வற்புறுத்தவில்லை. அது என் குற்றமே. முளைகட்டிய விதை காத்திராது. மூன்றாம் நாள் மழை சற்று விட்டபோது விதைத்தார். அன்றிரவு பெய்த மழையில் விதை முழுவதும் வயலின் ஒரு மூலையிற் சென்று குவிந்தது. விதையைச் சாக்கிலே உலர்வாக வைத்திருந்த அயலவர் ஐந்து நாள் பிந்தி விதைத்தார். அவர் பயிர் பழுதின்றி வளர்ந்தது.

ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. விதைநெல்லை ஊறவைக்குமுன் அடுத்த மூன்று நாள்களுக்குரிய செய்தியை அறியுங்கள். ஊறவைத்த பின் விதைப்பை நீண்ட நாள் பிற்போட முடியாது.

2. பலத்த மழை எதிர்பார்க்கப்படின் யூரியா இடாதீர்கள், களைநாசினி தெளியாதீர்கள். இரண்டும் நீரோடு அடித்துச் செல்லப்படும், பணமும் வீணாகும்.

3. வடிகால்களிலுள்ள புல்லையும் மண்ணையும் முன்னரே அகற்றுங்கள். மெலிந்த வரம்புகளை உயர்த்துங்கள்.

4. மிளகாய், கத்தரி, தக்காளித் தோட்டங்களிற் பாத்திகளை உயர்த்திச் சால்களை ஆழமாக்குங்கள். செடிகளுக்குத் தடி ஊன்றிக் கட்டுங்கள். முற்றிய காய்களைப் பறித்துவிடுங்கள். நாற்றுமேடைகளை மூடுங்கள், மழை விட்டதும் மூடியை நீக்கிக் காற்றுப்பட விடுங்கள். இல்லையேல் நாற்றழுகல் நோய் பரவும்.

5. சூறாவளி வீசும்போது வயலுக்கோ மடைக்கோ செல்லாதீர்கள். காற்றுத் திடீரென அடங்கினால் ஆபத்து நீங்கிற்று என எண்ணாதீர்கள். சூறாவளியின் கண் கடக்கும்போது அமைதி நிலவும். பின்னர் எதிர்த்திசையிலிருந்து கடுங்காற்று வீசும். உயிரினும் பெரிய விளைச்சல் இல்லை.

இறுதியாக ஒன்று. பக்கம் நேரான தகரப்பேணி ஒன்றை வெளியான இடத்தில் அசையாது வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அதிலுள்ள நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்து கொப்பியிற் குறித்து, நீரை ஊற்றிவிடுங்கள். அறிவித்த மழைக்கும் உங்கள் வயலிற் பெய்த மழைக்குமுள்ள வேறுபாட்டை ஒரே போகத்தில் நீங்களே அறிந்துகொள்வீர்கள்.

செய்தியை நம்பிக் காத்திருந்து மழை பொய்த்தால் இழப்பது சில நாள். நம்பாதிருந்து மழை பெய்தால் இழப்பது ஒரு போகம். எது சிறிய நட்டம் என்பதை நீங்களே சீர்தூக்கிப் பாருங்கள்.