காவிரி நீரும் கம்பிவட ஊர்தியும்
(திருக்குடமுழுக்குப் பெருவிழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



குடமுழுக்கு நாளாவது நீர் மேலேறும் நாள். ஆற்றிலும் குளத்திலும் கிடந்த நீர் குடத்திற் புகுந்து, வேள்விச் சாலையில் மந்திரங்களால் தூய்மை எய்தி, சிவாசாரியர் தலைமீது அமர்ந்து, விமானத்தின் உச்சியை அடைந்து, கலசத்தின்மேற் சொரியப்பெறுகின்றது. பள்ளம் நோக்கிப் பாய்தல் நீரின் இயல்பு. அது தானே மேலேற வல்லதன்று. சுமப்பாரைப் பெற்றபோதே ஏறும். இவ்வுண்மையை ஆண்டுகள் பலவற்றுக்கு ஒருமுறை குடமுழுக்கில் காண்கின்றோம். நாள்தோறும் அதனைக் காட்டி நிற்கும் திருமலை ஒன்று காவிரியின் தென்பால் உண்டு. கரூர் மாவட்டத்துக் குளித்தலைக்குத் தெற்கே, மக்கள் அய்யர்மலை என்று வழங்கும் திருவாட்போக்கியே அது.

அம்மலைமேல் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்கு இரத்தினகிரீசர் என்பது திருப்பெயர். அம்மையின் திருப்பெயர் சுரும்பார்குழலி. திருநாவுக்கரசு சுவாமிகள் அருளிய திருக்குறுந்தொகைப் பதிகம் ஐந்தாந் திருமுறையில் உள்ளது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இத்தலத்தின்மேல் வாட்போக்கிக் கலம்பகம் பாடியுள்ளார்கள். காலையிற் குளித்தலைக் கடம்பந்துறையையும், நடுப்பகலில் வாட்போக்கியையும், மாலையில் வடகரையிலுள்ள ஈங்கோய்மலையையும் ஒரே நாளில் வழிபடுதல் தொன்று தொட்ட மரபு. கார்த்திகைத் திங்களின் சோமவாரங்களில் இவ்வழிபாடு மிகச் சிறப்புடையதாகக் கருதப்படும்.

நடுப்பகல் வழிபாடு என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலைக்குப் படிகள் 1,017. உச்சிவேளையிற் கருங்கற்படி அடியைச் சுடும், மூச்சு வாங்கும், முழங்கால் நடுங்கும். அவ்வெயிலிற் குழந்தையை இடுப்பிலும் பூசைப் பொருளைக் கையிலும் ஏந்தி ஏறிய தாய்மாரும், அறுபதைக் கடந்த பின்னும் ஒரு சோமவாரமும் தவறாத முதியோரும் பலர். அவர்தம் அடிபட்டுத் தேய்ந்தவை அப்படிகள்.

இத்தலத்தின் வரலாறு அன்பர் பலரும் அறிந்ததே. ஆரிய மன்னன் ஒருவன் மாணிக்கம் வேண்டி இம்மலைக்கு வந்தான். இறைவன் அந்தணர் வடிவில் தோன்றிக் கொப்பரை ஒன்றைக் காட்டி, ‘காவிரி நீரால் இதனை நிரப்புக’ என்றார். மன்னன் குடம் குடமாக நீரைக் கொணர்ந்து பெய்வித்தான், கொப்பரை நிரம்பவில்லை. எத்தனை பெய்தும் நிரம்பாமை கண்டு வெகுண்டு வாளை உருவி வீசினான். அந்தணர் மறைந்தார். மாணிக்கம் கிடைத்தது. ஆனால் வாளின் வடு பெருமான் திருமுடியிற் காணப்பட்டது. அது கண்ட மன்னன் நெஞ்சுருகி அடிவீழ்ந்து பிழை பொறுக்க வேண்டினான். வாட்போக்கி என்ற பெயரும், முடித்தழும்பர் என்ற திருநாமமும் இதனால் வந்தன. அன்றுதொட்டுக் காவிரித் தீர்த்தமே இப்பெருமானுக்குத் திருமஞ்சனம். நாள்தோறும் குளித்தலைக் காவிரியினின்றும் குடங்களில் முகந்த நீர், ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் வழி கடந்து, படிகளின் வழியே தோளிற் சுமந்து மலையுச்சிக்குக் கொண்டுசெல்லப்படுகின்றது.

மன்னன் செய்த பிழைதான் யாது? நீர் சுமந்தது பிழையன்று. ‘இத்தனை குடம் பெய்தேன்’ என்று எண்ணியதே பிழை. தொண்டினை எண்ணத் தொடங்கியவுடன் அது கூலியாகி விடுகின்றது. கூலி தாழ்த்தபோது சினம் பிறக்கின்றது. சினம் பிறந்தவுடன் வாள் கைக்கு வருகின்றது. யான் என்னும் முனைப்புள்ள நெஞ்சமே நிரம்பாத கொப்பரை என்று கொள்ளுதல் பொருந்தும். அன்பொன்றாலன்றி வேறெதனாலும் அது நிரம்புவதன்று.

இத்தகைய மலைக்கு 2024ஆம் ஆண்டிற் கம்பிவட ஊர்தி வந்தது. மக்கள் அதனை ரோப் கார் என்பர். திருமுருகன் எழுந்தருளிய பழனியில் இழுவை ஊர்தி 1966ஆம் ஆண்டிலும், கம்பிவட ஊர்தி 2004ஆம் ஆண்டிலும் தொடங்கின. சோளிங்கர் நரசிங்கப் பெருமாள் மலைக்கும் 2024ஆம் ஆண்டிலேயே அவ்வசதி அமைந்தது. மணிக்கணக்கில் ஏறிய மலையைச் சில நிமிடங்களில் அடையலாயிற்று.

இதனைக் கண்டு மகிழ்ந்தோர் பலர், ஐயுற்றோரும் சிலர். ‘மெய் வருந்தாமல் மலையேறுவது வழிபாடாகுமா? சரியை என்பது உடம்பினாற் செய்யும் தொண்டன்றோ? கால் நோவாமற் சென்றால் பயன் குறையாதோ?’ என்பது அவர் ஐயம். இவ்வையத்தை இகழ்ந்து தள்ளுதல் தகாது. பக்தியினின்று பிறந்த ஐயம் அது. அதற்கு விடை கூறவேண்டின் திருத்தொண்டர் வரலாற்றையே நோக்குதல் வேண்டும்.

திருக்கயிலைக்கு அடியார்கள் எவ்வாறு சென்றனர்? இறைவன் உறையும் மலையைக் காலால் மிதித்தல் ஆகாதென்று காரைக்காலம்மையார் தலையால் நடந்து சென்றார். உமையம்மை வியந்து வினவ, பெருமான் ‘நம்மைப் பேணும் அம்மை’ என்றுரைத்துப் பேரருள் புரிந்தார். நம்பியாரூரர் சென்றதோ வெள்ளை யானையின்மேல். அவருடன் சென்ற சேரமான் பெருமாள் குதிரையில் ஏறிச் சென்றார். தலையால் நடந்தவரைத் தாயென்று அழைத்த இறைவனே, யானைமீது வந்தவரைத் தோழராக ஏற்றான். ஊர்தியில் வந்தமையால் சுந்தரருக்கு அருள் குறைந்ததென்று சொல்லும் சைவர் எவரேனும் உளரோ?

திருஞானசம்பந்தப் பிள்ளையாரோ இளங்குழந்தை. தலந்தோறும் நடந்து திருவடி நொந்தார். நெல்வாயில் அரத்துறை அணுகியபோது, இறைவன் அவ்வூரார் கனவிலே தோன்றி முத்துச் சிவிகையும் குடையும் அளிக்குமாறு பணித்தான். அடியவர் கால் நோவதைப் பெருமான் பொறுத்திலன். அச்சிவிகையையே பின்னொருநாள் பூந்துருத்தியில் திருநாவுக்கரசர், எவரும் அறியாவண்ணம், தம் தோளிலே தாங்கினார். முதுமை இளமையைச் சுமந்தது. சுமந்தவரும் சிறந்தார், சுமக்கப்பெற்றவரும் சிறந்தார்.

வாட்போக்கியைப் பாடிய அந்நாவுக்கரசரே கயிலையைக் காண நடந்தார். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார். கை தேய்ந்தது, மார்பால் உந்தினார். அதுவும் தளர, உடம்பாற் புரண்டார். முடிவில் அசைவற்றுக் கிடந்தார். அப்போது இறைவன், ‘இன்னும் சிறிது ஊர்ந்து வா’ என்றானா? இல்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்குமாறு பணித்தான். மூழ்கியவர் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி கண்டார். இயன்றமட்டும் நடத்தல் அடியவன் கடமை. இயலாத இடத்தில் எடுத்துச் செல்லுதல் ஆண்டவன் கருணை. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தையே அவ்வரலாறு காட்டுகின்றது.

இனி, அய்யர்மலை அடிவாரத்து நிகழ்ச்சி ஒன்று. காவிரிக் கரைச் சிற்றூரைச் சேர்ந்த மூதாட்டியார் ஒருவர் இளமை தொடங்கிக் கார்த்திகைச் சோமவாரந்தோறும் படியேறி வழிபட்டவர். முதுமையில் முழங்கால் முடங்கிற்று. பின்னர்ச் சில ஆண்டுகள் முதற்படியிலேயே கற்பூரம் ஏற்றி, மலையை அண்ணாந்து நோக்கிக் கண்ணீர் வார்த்துத் திரும்புவார். ஊர்தி வந்தபின் பேரன், “அப்பாயி, ஒரு நொடியில் மேலே போய்விடலாம், வாருங்கள்” என்று வேண்டினான். அவர் இசைந்திலர். “நடந்து ஏறுகிறேன் என்று நேர்ந்துகொண்டவள் நான். கம்பியிலே தொங்கிக்கொண்டு போய்ச் சாமி முகத்தை எப்படியப்பா பார்ப்பேன்?” என்று படியருகே அமர்ந்துவிட்டார்.

அவ்வேளை, காவிரித் தீர்த்தம் சுமந்து வந்த முதியவர் ஒருவர் படியேறும்முன் சற்றே நின்றார். தோளிலே நீர்க்குடம்; மேனியெல்லாம் வியர்வை. நிகழ்ந்ததைக் கேட்டறிந்து அவர் சொன்னது இவ்வளவே: “ஆத்தா, இந்தத் தண்ணீர் தானாகவா மலையேறுகிறது? நான் தூக்கிக்கொண்டு போகிறேன். ஆனால் சாமி தலையில் விழுகிற புண்ணியம் தண்ணீருக்குத்தானே கிடைக்கிறது? எனக்கா கிடைக்கிறது?”

மூதாட்டியார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்ப் பேரன் கையைப் பற்றிக்கொண்டு எழுந்தார். பல ஆண்டுகட்குப் பின் அன்று இரத்தினகிரீசர் திருமுன் நின்றபோது, நேர்த்தி தவறியதென்ற எண்ணம் அவர்பால் இல்லை. தம்மை ஒரு குடம் காவிரி நீராக எண்ணினார் போலும்!

தீர்த்தம் சுமந்தவர் நூல் பல கற்றவரல்லர். ஆயினும் சாத்திரத்தின் உள்ளுறையைத் தொட்டார். பாசம் என்னும் சொல்லுக்குக் கயிறு என்பதும் ஒரு பொருள். ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலக் கயிற்றாற் கட்டுண்டது உயிர். ஆனால் கட்டுவன அனைத்தும் பகையல்ல. மாயையின் ஆக்கமாகிய உடலும் கருவியும், விடியற் பொழுதுவரை இருளில் விளக்கு உதவுவதுபோல் உயிருக்கு உதவும் என்பர் பெரியோர். இறைவனது திரோதான சத்தி மலத்தோடு உடனின்று அதனைப் பக்குவப்படுத்துதலின் உபசாரமாக மலமெனப் பெயர் பெறினும், உண்மையில் அருளே ஆகும் என்பது உமாபதி சிவாசாரியர் முதலிய ஆசிரியர் கொள்கை. கட்டுவதுபோல் தோன்றி மேலேற்றும் கயிறும் உண்டென்பது இதனால் விளங்கும்.

வாட்போக்கிப் பதிகத்திலும் கயிறு பேசப்படுகின்றது. அது காலன் தூதர் கைக்கயிறு. அதனைப் பற்றி வருவோர் இளையர் என்றும் முதியர் என்றும் வேறுபாடு பாரார் என்று அப்பரடிகள் எச்சரிக்கின்றார். அதே மலையில் இன்று மற்றொரு கயிறு ஓடுகின்றது. அதுவும் இளையர் முதியர் என்று பார்ப்பதில்லை. காலன் கயிறு எட்டுமுன் ஒருமுறையேனும் பெருமான் திருமுன் கொண்டுவிடுதலே இதன் பயன்.

அக்கம்பிவடத்தின் இயக்கத்திலும் ஓர் அழகுண்டு. மேலும் கீழும் உள்ள உருளைகளைச் சுற்றி வடம் ஓடும். ஒருபுறம் ஊர்தி ஏறுகையில் மறுபுறம் ஊர்தி இறங்கும். இறங்குவதன் எடை ஏறுவதன் பாரத்தைப் பெரிதும் ஈடுசெய்ய, எஞ்சியதற்கே பொறியின் ஆற்றல் வேண்டப்படும். தரிசித்துத் திரும்புவோர், தரிசிக்கச் செல்வோரை ஏற்றிவிடுகின்றனர் என்றே இதனைக் கூறலாம். அருள் பெற்றவன் கடமை அதுவன்றோ? காற்று மிகுந்தால் ஊர்தி நிற்கும். பழுது பார்க்கவும் நிற்கும். அன்று வந்தோர் முணுமுணுத்தல் தகாது. பிறர் உயிரைச் சுமக்கும் கயிற்றை ஆராய்ந்து பேணுதலும் திருப்பணியே.

ஆதலின் அன்பர்கள் கருத்திற் கொள்ள வேண்டுவன சில. காலில் வலியுள்ளோர் படியேறுக. அடிக்கொருமுறை ஐந்தெழுத்தை ஓதுக. ‘ஆயிரத்துப் பதினேழு படியும் ஏறினேன்’ என்று எண்ணிச் செருக்கற்க. அது மன்னன் குடத்தை எண்ணிய கணக்காகும். ஊர்தியிற் செல்வோர், அதனை வேடிக்கை விளையாட்டாக்காமல், அச்சில நிமிடங்களை மௌனத்திற் கழிக்க. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் முன்னிடம் தருக. மிச்சமான காலத்தைத் திருமுன் நின்று செலவிடுக. மூன்று மணி ஏறிய நாளில் அரைமணி கும்பிட்டவர், மூன்று நிமிடத்தில் ஏறி மூன்று நிமிடத்தில் திரும்புவாராயின், குறைவு ஊர்தியினால் வந்ததன்று, உள்ளத்தினால் வந்தது.

பொருள் வழங்கும் புண்ணியர்க்கும் ஒரு சொல். படி அமைத்தவரும், நிழல் மண்டபம் எடுத்தவரும், தண்ணீர்ப் பந்தல் வைத்தவரும், ஊர்திக்கு உதவியவரும், இன்று குடமுழுக்குக்கு ஈந்தவரும் செய்தது ஒரே தொண்டு. தாமே ஏறமாட்டாத ஒன்றைத் தாங்கி மேலே சேர்ப்பித்தலே அத்தொண்டு. கல்லில் தம் பெயர் பொறிக்கப்பெறினும் பெறாவிடினும், சுமந்த நீர் பெருமான் திருமுடியிற் சேர்ந்ததா என்பதே அவர் நோக்கம் ஆகுக.

இன்று கலசத்தின்மேற் சொரிந்த நீர் விமானத்தின் வழியே கீழிறங்கி, கூடிநிற்கும் அனைவர்மீதும் தெளிக்கப்படும். மேலேற்றப்பட்டது அருளாகித் திரும்பும். வாட்போக்கியில் நாள்தோறும் நிகழ்வதும் அதுவே. ஏறியவரும் ஏற்றப்பெற்றவரும் அத்திருவடி நீழலில் ஒருங்கே இன்புற்று வாழ்க!

திருச்சிற்றம்பலம்