ஒரு துண்டுக் கல்லில் எத்தனை அணுக்கள்?



வாலிகண்டபுரத்திலிருந்து தென்கிழக்கே சென்றால் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைக் காணலாம். நான் ஆசிரியப் பணியில் இருந்த நாளில், அக்கல்லை உதாரணமாகக் கொண்டு கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதினேன். ‘10 கிராம் சுண்ணாம்புக்கல்லில் எத்தனை அணுக்கள் உள்ளன?’ என்பதே அது. ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, எங்கள் ஊர்க் கல்லில் களிமண்ணும் கலந்திருக்கிறதே, விடை சரியாகுமா?” என்று வினவினான். “தேர்வில் அதைக் கேட்கமாட்டார்கள், உட்கார்” என்றேன். அவனுக்கு அன்று தரவேண்டிய விடையை இன்று உங்களுக்குத் தருகிறேன்.

ஒரு மூட்டை நெல்லின் மணிகளை யாரும் எண்ணுவதில்லை. ஆயிரம் மணிகள் 20 கிராம் எடை என்று அறிந்துவிட்டால், ஒரு கிலோ நெல்லில் 50,000 மணிகள் என்று சொல்லிவிடலாம். அணுக்களையும் நாம் எடையைக் கொண்டே எண்ணுகிறோம்.

தூய சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். அதன் ஒரு கூறில் கால்சியம் அணு ஒன்று, கார்பன் அணு ஒன்று, ஆக்சிஜன் அணுக்கள் மூன்று. ஆக ஐந்து அணுக்கள். அணு எடைகளைக் கூட்டினால் 40, 12, 48, மொத்தம் 100. எனவே 100 கிராம் ஒரு மோல் ஆகும். ஒரு மோலில் 6.022 × 10²³ கூறுகள் உள்ளன. அதாவது 6-ஐத் தொடர்ந்து 23 இலக்கங்கள் வரும் எண். இத்தாலிய அறிஞர் அவகாட்ரோ 1811இல் வெளியிட்ட கருத்தை நினைவுகூர்ந்து, 1909இல் பிரெஞ்சு அறிஞர் பெர்ரின் இவ்வெண்ணுக்கு அவர் பெயரைச் சூட்டினார். 2019ஆம் ஆண்டு மே 20 முதல் இது 6.02214076 × 10²³ என்று பிசகின்றி வரையறுக்கப்பட்டுள்ளது.

இனி அம்மாணவனின் கேள்விக்கு வருவோம். கல்லைப் பொடித்து 10 கிராம் நிறுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இடுங்கள். நுரைத்துக் கரியமில வாயு வெளியேறும். களிமண் அவ்வாயுவைத் தராது. அமிலமும் பாத்திரமும் சேர்ந்த எடை 3.96 கிராம் குறைந்தது என்று கொள்வோம். கரியமில வாயுவின் ஒரு மோல் 44 கிராம். 3.96ஐ 44ஆல் வகுத்தால் 0.09 மோல். ஒரு மோல் கல்லிலிருந்து ஒரு மோல் வாயுவே வருமாதலால், அந்தத் துண்டில் இருந்த தூய கல் 9 கிராம். எஞ்சியது பிற பொருள்.

0.09ஐ 6.022 × 10²³ஆல் பெருக்கினால் 5.42 × 10²² கூறுகள். கூறுக்கு ஐந்து அணுக்கள் வீதம் 2.71 × 10²³ அணுக்கள். கலப்பை மறந்து பத்துக் கிராமும் தூய கல் என்று கொண்டிருந்தால் விடை 3.01 × 10²³ ஆகியிருக்கும். அணுவின் எண்ணிக்கையில் இது சிறு பிழையன்று. முப்பது கோடி கோடி கோடி அணுக்களை இல்லாமலே எண்ணிவிட்ட பிழை!

சூத்திரம் புத்தகத்தில் உள்ளது. கல்லின் உண்மையோ தராசில் உள்ளது. அதை அன்று கேட்டவன் மாணவன், கற்றுக்கொண்டவன் நான். உங்கள் வகுப்பிலும் அத்தகைய கேள்வி எழுந்தால், தயங்காமல் எழுந்து கேளுங்கள்.